நான்கு மாதம் பத்து நாள்

ஆகஸ்ட் 4, திங்கள்

கடற்காற்று அகோரம். பல்கனியில் காயப்போட்ட துவாய் இரண்டும் பறந்து கீழ் வீட்டுக் கம்பியில். எடுக்கப் போனால் அந்த மனுசி, "உங்கட உடுப்பெல்லாம் எங்கட வீட்டிலதான் காயுது" என்றாள். நியாயம்தான்.

செய்ய:
– தண்ணீர் மோட்டார். பைப் பாஸுக்கு (குழாய் திருத்துகிறவன்) மறுபடி கோல்.
– அவருடைய அலுமாரி (இந்தக் கிழமையாவது).
– பயிற்சி ஸ்லைட், பன்னிரண்டு.

ஸ்லைட் தலைமை அலுவலகத்துக்கு. ஆறு நாட்டு முகாமையாளர்களுக்கும் ஒரே பயிற்சி: பல நாடு, பல மொழி, பல மதத்து ஆட்களை வைத்து எப்படி வேலை வாங்குவது. கொழும்புக் கிளையின் மனிதவள முகாமையாளர் என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஸ்லைட் 1: ஒரே கொள்கை, பல ஊர். ஸ்லைட் 4: ஊகிக்க வேண்டாம், கேளுங்கள். இரண்டும் என் வசனம். எழுதிவிட்டுக் கொஞ்சம் பெருமைப்பட்டேன்.

பத்து மணிக்கு என் பிரிவு மெர்சி வந்து சொன்னாள். முறைப்பாட்டுப் பிரிவு றிஸ்வானாவின் கணவர் சனிக்கிழமை மௌத்து. நெஞ்சுவலி. நாற்பத்தாறு வயது. அன்றைக்கே அடக்கம். எங்களுக்குத் தெரியவரும்போது எல்லாம் முடிந்துவிட்டது.

துக்க லீவு மூன்று நாள், தொடர்ச்சியாக. சிஸ்டத்தில் போட்டேன். போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இதே பக்கத்தில்தான் எனக்கும் போட்டது.

ஆகஸ்ட் 6, புதன்

மாளிகாவத்தை, றிஸ்வானா வீடு. மெர்சியும் நானும். மூன்றாம் மாடி, லிஃப்ட் வேலையில்லை, முழங்கால் செத்தது.

றிஸ்வானா வெள்ளை உடுப்பில். ஒஃபிஸில் கடும் சிவப்பு, மயில்நீல ஷோல் எல்லாம் போடுகிறவள். என் கையைப் பிடித்தாள், விடவில்லை. அவளுடைய தாத்தாதான் (மூத்த சகோதரியை அவர்கள் தாத்தா என்பார்கள்) கதைத்தாள்.

"தங்கச்சி இத்தா ஈக்கிறா மிஸ், மாப்புள மௌத்தானதுக்கு. நாலு மாசம் பத்து நாள். வெளிய எறங்க ஏலா. வெளி ஆம்புளயள் பாக்கவும் ஏலா. கவர்மென்ட்டு வேலயன்டா அதுக்கு லீவு ஈக்கி. ஒங்கட ஒஃபிஸில எப்பிடியோ தெரியா."

"நான் பாத்துக்கொள்ளுறன். நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ."

சொல்லிவிட்டேன். எதை வைத்துச் சொன்னேன்?

அவளுக்கு இரண்டு பிள்ளைகள், இந்தச் சம்பளம்தான். வேலை போனால் அந்த வீடு நிற்காது.

படியிறங்கும்போது மெர்சி: "நாலு மாசமா! எங்கட கொட்டாஞ்சேனைப் பக்கம் ஏழாம் நாள் பூசையோட எல்லாரும் வேலைக்கு." எனக்கு வந்தது பொறாமை. எழுதவே வெட்கமாக இருக்கிறது. நாலு மாதம் ஒருத்தி இருந்து அழலாம், அதற்கு ஒரு பெயரும் இருக்கிறது என்று பொறாமைப்பட்டேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

ஹெலனுடன் வீடியோ கோல். ஹெலன் தலைமை அலுவலகத்தில் எனக்கு மேலே. நல்ல பெண், கெட்டது நினைக்கத் தெரியாது. நான் விளக்கியதைக் கேட்டுக் கண் கலங்கினாள். ஆனால் விதி விதிதான். துக்கத்துக்கு மூன்று நாள், சம்பளமில்லாத லீவு அதிகபட்சம் ஒரு மாதம், அதற்கு மேல் போனால் இடத்துக்கு வேறு ஆள்.

அப்போதுதான் மண்டையில் பட்டது. வீட்டிலிருந்து வேலை செய்தால்? அவள் செய்வது எழுத்து வேலை. ஹெலன் துள்ளிக் குதிக்காத குறை.

உடனே றிஸ்வானாவுக்கு ஃபோன். முதல் முறையாக அவள் குரல் கேட்டது. "அல்ஹம்துலில்லாஹ். மிஸ், ஒங்களுக்கு நெறய துஆ செய்றன்."

அந்தச் சந்தோசத்தோடு வீட்டுக்கு வந்தேன். காலி வீதி பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன், களைப்பே தெரியவில்லை. வீட்டுக் கதவைத் திறந்ததும் அவர் ஞாபகம். என் கணவர் போய் இரண்டு வருடம். அந்த மூன்று நாளோடு சொந்த லீவும் சேர்த்து, எட்டுச் செலவு (எட்டாம் நாள் சடங்கு) முடித்து ஒன்பதாம் நாள் நான் வேலையில். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு மறுபடி லீவு கேட்டபோது, ஹெலனுக்கு முன்னிருந்த மனிதர் கேட்டார்: "அதே மரணத்துக்கா?"

கிண்டலில்லை, உண்மையாகத்தான் கேட்டார். மூன்று நாள் தொடர்ச்சியாக என்றுதானே விதி. நான் "ஓம், அதே மரணத்துக்குத்தான், மன்னிக்கவும்" என்றேன். மன்னிக்கவுமாம்! அரைநாள் தந்தார்கள். முகத்துவாரத்தில் ஆற்றில் தலைமுழுகி, சாம்பல் கரைத்த கையோடு நேரே ஒஃபிஸ். பின்னேர மீட்டிங்கில் தலைமயிர் ஈரம் முதுகில் இறங்கியது. ஒருவருக்கும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 13, புதன்

லப்டொப் போய்ச் சேர்ந்தது. கொண்டுபோனது ஐடி நிமால். என்ன கோதாரி, ஆம்பிளையை அனுப்பிவிட்டேனே என்று பாதி வழியில்தான் உறைத்தது. அவன் திரும்பி வந்து சொன்னான்: "கதவு இவ்வளவுதான் திறந்தது மிஸ். ஒரு கை வந்தது, வாங்கியது. அனே, பவ்." ஒரு சாண் காட்டினான். சிங்களப் பையன், ஐயோ பாவம் என்று இரக்கப்பட்டுத்தான் சொல்கிறான்.

இன்னொன்று. காலை மீட்டிங்கில் எல்லோரும் கமரா போட வேண்டும், அது உலகம் முழுக்க விதி. அவளுக்கு விலக்குக் கேட்டு ஃபோர்ம் நிரப்பினேன். காரணம் என்ற இடத்தில் எல்லாவற்றையும் விவரமாக எழுதினேன். அனுமதி வந்தது. இனி அவள் திரையில் ஒரு கறுப்புச் சதுரம், நடுவில் றி. என்ற எழுத்து.

மோட்டார் பாஸ் வரவில்லை. வாளியில் தண்ணீர்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

மழைக் குணம், மழை இல்லை. அலுமாரியைத் திறந்தேன், மூடினேன்.

றிஸ்வானா வேலையில் புலி. போன மாதத்தைவிட நேர்த்தி. ஹெலனுக்கு ஒரே புளுகம், சந்தோசம். செப்டெம்பர் 9 எல்லா நாட்டுக் கூட்டத்தில் என் பன்னிரண்டு ஸ்லைட்டோடு இந்தக் கதையையும் சொல்லச் சொல்கிறாள். "உண்மைக் கதைதான் மனதில் நிற்கும்" என்றாள்.

செய்ய:
– ஸ்லைட் 7 புதிதாக. படம் ஒன்று தேட.
– றி.யிடம் கேட்க.
– பைப் பாஸ்.
– கீழ் வீட்டு மனுசிக்கு ஏதாவது (கேக்?).

செப்டெம்பர் 5, வெள்ளி

படம் கிடைத்தது. ஏப்ரலில் நடந்த குடும்ப நாளில் எடுத்தது. சிவப்பு ஷோல், கையில் பலூன், வாய் நிறையச் சிரிப்பு. ஒஃபிஸ் ஃபோல்டரில் கிடந்தது. அழகாக இருக்கிறாள். ஸ்லைட்டில் போட்டதும் ஸ்லைட்டுக்கே உயிர் வந்தது.

செய்ய:
– கேக் கொடுத்தாயிற்று.
– பாஸ் ஞாயிறு வருகிறானாம். நம்பிக்கை இல்லை.
– றி.யிடம் கேட்க.

மெர்சி எட்டிப் பார்த்தாள். "மிஸ், அவகிட்ட சொல்லியாச்சா?" "சொல்லுவம், சொல்லுவம்" என்றேன். துக்கத்தில் இருக்கிறவளை இதற்கெல்லாம் ஏன் கரைச்சல் படுத்த வேணும் என்றும் நினைத்தேன். அவளுக்கு நல்லதுதானே செய்கிறேன்.

செப்டெம்பர் 9, செவ்வாய்

நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன்.

கூட்டம் பின்னேரம் மூன்றரைக்கு. திரை முழுக்க முகங்கள், பக்கம் பக்கமாக. நன்றாகவே பேசினேன். ஸ்லைட் 4ஐ அழுத்திச் சொன்னேன்: ஊகிக்க வேண்டாம், கேளுங்கள். தலைகள் ஆடின. ஸ்லைட் 7. அவள் பெயர், அவள் படம், கணவன் செத்த விதம், நான்கு மாதம் பத்து நாள், வெள்ளை உடுப்பு, கதவிடுக்கில் வந்த கை. ஓம், அந்தக் கையையும் சொன்னேன். நிமால் சொன்ன சாண் அளவைக் கையால் காட்டினேன்.

கைதட்டல் படங்கள் மளமளவென்று. ஒருவர் எழுதினார்: பாவம். இன்னொருவர் கேட்டார்: அவளை வீட்டில் அடைத்தா வைத்திருக்கிறார்கள்? நான் சிரித்த முகத்தோடு, அது அவர்களுடைய பண்பாடு, நாம் மதிக்க வேண்டும் என்று விடை சொன்னேன். ஹெலன் கண்ணைத் துடைத்தாள்.

முடிந்ததும் மெர்சி என் மேசைக்கு வந்து நின்றாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"மிஸ், அவ இருந்தா."

"எங்க?"

"மீட்டிங்ல. எல்லா ஸ்டாஃபுக்கும்தானே தன்பாட்டில அழைப்புப் போகும். கடைசிப் பக்கத்தில் ஒரு கறுப்புச் சதுரம் இருந்துச்சு. றி. நான் பாத்துக்கிட்டே இருந்தேன். முடியிற மட்டும் போகவே இல்ல."

அந்தச் சதுரத்தை அவளுக்கு வாங்கிக் கொடுத்தது நான்தான். ஒருவரும் அவளைப் பார்க்கக் கூடாதென்று.

செப்டெம்பர் 10, புதன்

ஃபோன் எடுக்க மாட்டாள் என்று நினைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தாள். நான் தொடங்குமுன் அவளே:

"மிஸ், கோவிச்சிக்க வேணாம். நீங்க எனக்கு நல்லது செஞ்சீங்க. அத நான் மறக்கல்ல."

"றிஸ்வானா, நான் உங்களிட்ட கேட்டிருக்க வேணும்."

பின்னால் குக்கர் விசில்.

"அந்த போட்டோ அவரு எடுத்தது, ஒஃபிஸ் கமராவால. குடும்ப நாளைக்கி வந்தாரே, அண்டைக்கி. பலூன மூஞ்சிக்கு நேர புடி, சிரின்டு செல்லி. அவரப் பாத்துத்தான் சிரிச்சன். மௌத்தாகி நான் அதத் தேடினன் மிஸ், அவர்ட ஃபோன்ல இல்ல. நேத்து மீட்டிங்கத் தெறந்தா, எல்லாரும் பாக்கிற எடத்தில ஈக்கி."

திரையில் திறந்திருந்த ஸ்லைட் 7ஐ மூடினேன்.

"என்ன ஒத்தரும் அடச்சி வெக்கல்ல. நான்தான் ஈக்கிறன். அவருக்காக ஈக்கிறன். ஒரு வார்த்த கேட்டீந்தா நானே செல்லித் தந்தீப்பன், எப்பிடிச் செல்றதுன்டு."

வைத்துவிட்டாள். நான் கழிவறையில் போய் அழுதேன். இரண்டு வருடத்துக்குப் பிறகு, ஒஃபிஸ் கழிவறையில், தண்ணீரைத் திறந்துவிட்டு.

ஏன் என் கதையைச் சொல்லவில்லை? "அதே மரணத்துக்கா" என்று கேட்டதையும் ஈரத்தலையோடு மீட்டிங்கில் இருந்ததையும் சொல்லியிருக்கலாம். அதுவும் உண்மைக் கதைதான். அதைச் சொல்ல எனக்கு வெட்கம். அவளுடையதைச் சொல்ல வெட்கப்படவில்லை.

செப்டெம்பர் 12, வெள்ளி

றிஸ்வானாவின் ராஜினாமா, இரண்டு வரி. நன்றி சொல்லியிருக்கிறாள்.

ஹெலனிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். அவளும் மன்னிப்புக் கேட்டு எழுதினாள், பதிவை அழித்தார்கள். றிஸ்வானாவை மறுபடி கேட்டேன், மெர்சியும் கேட்டுப் பார்த்தாள். "வேணாம்" மட்டும்தான். அவர்கள் கட்டடத்தின் கீழ்மாடியில் ஒரு பெண் தைக்கக் கொடுக்கிறாளாம், அதைச் செய்யப் போகிறாளாம். தைக்கிற கூலியில் இரண்டு பிள்ளையா?

விலகல் ஃபோர்ம் என் வேலை. காரணம் என்ற இடத்தில் நான்குதான் இருக்கிறது: வேறு வேலை, குடும்பம், இடமாற்றம், மற்றவை. "குடும்பம்" தெரிவு செய்தேன். அனுப்பவில்லை.

செப்டெம்பர் 15, திங்கள்

விடியவே வெயில். பாஸ் வந்தான், அதிசயம். மோட்டார் ஓடுகிறது.

லப்டொப்பை எடுக்க ஆள் அனுப்ப வேண்டும். நிமால் போகவா என்றான். வேண்டாம், நானே போகிறேன் என்றேன். கடையில் வாங்கிய வட்டிலப்ப இனிப்பை அவர்கள் அவ்வளவாக விரும்பமாட்டார்கள் என்று பழம் வாங்கினேன். அந்தப் படத்தைப் பெரிதாகக் கழுவி உறையில் போட்டுக்கொண்டேன். த்ரீவீலில் என்ன சொல்வதென்று பாடமாக்கிக்கொண்டு போனேன். மூன்று மாடியும் நிற்காமல் ஏறினேன்.

தாத்தா கதவைத் திறந்தாள். ஒரு சாண்.

"ஆம்பிளையள் ஒருத்தரும் வரேல்ல. நான் மட்டும்தான்" என்றேன்.

"தெரியும் மிஸ். நீங்க பொம்புள, உள்ளுக்கு வரலாம். இத்தாக்கு அதில ஒண்டும் இல்ல." குரலைத் தாழ்த்தினாள். "அவதான் வேணாம்ன்டு செல்றா."

உறையைக் கொடுத்தேன். உள்ளே போனாள். காத்திருந்தேன். பிறகு அந்த இடுக்கால் ஒரு கை வந்தது. வெள்ளைச் சட்டைக் கை, தாத்தாவுடையது இல்லை. லப்டொப்பைத் தந்தது. நான் அந்தக் கையைப் பிடிக்கப் போனேன். அது உள்ளே போய்விட்டது.

றிஸ்வானாவின் விலகல் ஃபோர்ம்: "குடும்பம்" அழித்தேன். மற்றவை. காரணப் பெட்டிக்குள் என் பெயரை எழுதி அனுப்பினேன்.