வள்ளத்தை விற்கவேண்டாம், திரேசம்மா

கொழும்பு

அன்பின் திரேசம்மா,

மடு மாதாவின் துணையால் நான் சுகம். உம்முடைய முழங்கால் நோவு குறைந்ததா? எழுதப் படிக்கப் பழகி, அறுபத்தெட்டு வயதில் நானே எழுதும் முதல் கடிதம் இது. எழுத்து நேராக நிற்கிறது, பாரும்!

உம்முடைய ஓலைப்பெட்டி வியாபாரத்துக்கு இணையத்தளம் போட, என் மீன்பிடி வள்ளத்தை விற்கப்போவதாக எங்கள் மகன் றொட்னி சொன்னான். நேற்று, நான் காவல் காக்கும் கந்தோரின் கணினியில் அப்படி ஒரு தளத்தை எழுத்துக்கூட்டி வாசித்தேன். காசு கட்டினால் மூன்று நாளில் பொருள் வீட்டுக்கு வருமாம். திருவிழாவுக்கு நீங்கள் எல்லோரும் மடுவில் கூடாரம் போட்டிருக்கும்போது யார் அனுப்புவது? இப்போது நீர் போனில், "ஓலை காயேல்லை, பொறுங்கோ" என்றால் சனம் பொறுக்கிறது. தளம் அப்படிச் சொல்லுமா?

கெஞ்சிக் கேட்கிறேன், விற்கவேண்டாம். வள்ளமும் இல்லையென்றால் நான் எதற்காக ஊருக்குத் திரும்புவேன்?

என் கண்ணாடிக்கு ஓலையில் ஒரு உறை பின்னி அனுப்பும். காவல் மாறும் நேரமாகிவிட்டது. உம்முடைய பதிலை இனி நானே வாசிப்பேன். 'விற்கவில்லை' என்ற ஒரு சொல் போதும்.

அமிர்தநாயகம்