ஆசிட்டில் கரைந்த கல்பட்டையும் அய்யம்மாளின் வேலையும்

அனுப்புநர்:
த. வேதசிரோமணி, எம்.எஸ்சி., பி.எட்.,
வேதியியல் ஆசிரியர் (ஓய்வு),
ராஜபாளையம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்டக் கல்வி அலுவலர் அவர்கள்,
திருவில்லிபுத்தூர்.

பொருள்: பள்ளி ஆய்வகத்தின் புதைபடிவம் சேதமானது – துப்புரவுப் பணியாளர் திருமதி அய்யம்மாளை மீண்டும் பணியில் சேர்க்கக் கோருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் இருபத்தேழு ஆண்டுகள் பணியாற்றிய பள்ளியின் ஆய்வகத்தில் கல்லாகிப்போன மரப்பட்டை ஒன்று இருந்தது. அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக் குவாரியிலிருந்து பேருந்தில் மடியில் வைத்து நான் கொண்டுவந்தது. பட்டையிலுள்ள சூபரின் என்னும் மெழுகுப்பொருள் தண்ணீரைத் தடுக்கும். டானின் என்னும் துவர்ப்பு பூஞ்சையை அண்டவிடாது. அதனால் பட்டை மட்கத் தாமதமாகும். அதற்குள் மண்ணில் புதைந்து, வெடிப்புகளில் சுண்ணாம்பு நீர் இறங்கினால், வரிவரியாக அப்படியே கல்லாகிவிடும்.

2. சென்ற மாதம் ஆண்டாய்வுக்காகப் பூட்டிய பீரோவைத் திறந்து சுத்தம் செய்யச் சொன்னபோது, அய்யம்மாள் அதைக் கழிப்பறை ஆசிட் ஊற்றிக் கழுவினார். சுண்ணாம்புக்கல் ஆசிட்டில் பொங்கும். சிமெண்டுத் தரை நுரைத்தால் அழுக்குப் போகிறது என்றுதானே நம் வீடுகளில் எல்லோரும் நினைக்கிறோம்? "நுரைச்சு வந்துச்சு சார், எம்புட்டு அழுக்குன்னு இன்னும் ரெண்டு பாட்டில் ஊத்திட்டேன்" என்றார் அவர். உள்ளங்கை அளவே மிச்சம்.

3. செய்தி கேட்ட ஆத்திரத்தில், அவரைச் சும்மா விடக்கூடாது என்று தலைமையாசிரியருக்குப் போன் செய்தவன் நானேதான். மறுநாளே அவரை நிறுத்திவிட்டார்கள். அந்தக் கல்லுக்கு நான் ஒரு பெயர்ச்சீட்டுகூட ஒட்டவில்லை, ஐயா. பிள்ளைகள் உடைத்துவிடுவார்கள் என்று பீரோவில் பூட்டியே வைத்திருந்தேன். பிறகு அந்தம்மாளைக் குற்றம் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

4. போன ஞாயிறன்று அய்யம்மாள் மிச்சத் துண்டைத் துணியில் சுற்றி என் வீட்டுக்குக் கொண்டுவந்தார். "அது என்னது சார், அம்புட்டுப் பெரிய பொருளா?" என்று கேட்டார். ஒரு மணி நேரம் சொன்னேன். என் மனைவி ஏசம்மாள் இறந்து நான்கு வருடமாகிறது. அதற்குப்பின் என்னிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை. போகும்போது "பொறவு வாரேன் சார்" என்றார். என் போனைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

5. ஆகவே அய்யம்மாளை உடனே பணியில் சேர்க்க உத்தரவிடுமாறு மன்றாடுகிறேன். அந்த உத்தரவில், புகார் சொன்னவன் பெயரையும் தயவுசெய்து எழுதிவிடுங்கள். நேரில் சொல்ல எனக்குத் தைரியமில்லை. தெரிந்தால், என்னிடம் கேட்க வந்த அந்த ஒருவரும் இனி வரமாட்டார். தெரியட்டும், ஐயா.

இடம்: ராஜபாளையம்
நாள்: 18.11.2024

இப்படிக்கு,
தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்
த. வேதசிரோமணி