எந்த உறுப்பு என்று பத்தர் கேட்டார்

12.3.1984, சரவணைக் கிராமம்

இவ்வளவும் எழுதுவதற்குள் ஒரு சுருட்டு முழுதாக எரிந்துவிட்டது. அறுபத்தெட்டு வயதில் நான் எழுதுகிறேன்!

பேத்தி மீனாம்பிகைக்கு ஏழு வயது. பள்ளிக்கூடத்தில் அவளை எடுக்கவில்லை. மகள் சறோ வீட்டிலேயே சொல்லிக் கொடுத்தாள். பக்கத்தில் குந்தியிருந்த எனக்கும் எழுத்து வந்துவிட்டது. பேத்தி பேசமாட்டாள். ஆனால் என் ‘ழ’ கோணினால் அழித்துவிட்டுத் தானே எழுதுவாள்.

19.3.1984

முதலில் பிள்ளைக்குக் காது கேட்காது என்றார்கள். நகை செய்யும் ஐயாத்துரைப் பத்தரிடம் வெள்ளியில் காது செய்வித்து, நேர்த்தியாக நயினாதீவு அம்மனுக்குப் போட்டேன். பிறகு, காது நன்றாகக் கேட்கிறது, மூளைதான் மந்தம் என்று ஆஸ்பத்திரித் துண்டுச் சீட்டில் எழுதினார்கள். வெள்ளியில் தலை போட்டேன். அந்தத் துண்டைப் பார்த்துத்தான் தலைமை வாத்தியார் அம்பலவாணர், “மந்தமெண்டால் எடுக்க ஏலாது” என்றார். சறோ அன்று சாப்பிடவில்லை.

2.4.1984

போன வருசக் கலவரத்தோடு கொழும்பை விட்டு வந்த டாக்குத்தரம்மா ஒருவர் யாழ்ப்பாணத்தில் இருக்கிறார். பிள்ளையோடு நிலத்தில் இருந்து இரண்டு மணித்தியாலம் விளையாடினார். “மந்தமில்லை. இதுக்குப் பேர் ஓட்டிசம்” என்று எழுதித் தந்தார்.

பஸ்ஸில் சறோ அழுதாள்.

“ஏன் பிள்ளை?”

“மூண்டு வருசமா மந்தம், மந்தம் எண்டு மனதுக்குச் சொல்லி ஒரு மாதிரிப் பழகிட்டன் அப்பு. இனித் திரும்ப முதலிலையிருந்தோ?”

5.4.1984

பத்தரிடம் போனேன்.

“இந்த முறை என்ன உறுப்பு அண்ணை?”

“ஓட்டிசம்.”

“அது உடம்பிலை எங்கை கிடக்கு? காட்டுங்கோ, அச்சு வெட்டிறன்.”

நானும் தலையிலிருந்து கால்வரை என்னைத் தடவிப் பார்த்தேன். அகப்படவில்லை. இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

10.4.1984

அம்பலவாணர் புதுத் துண்டை மூன்று தரம் வாசித்தார். “எடுக்கக் கூடாதெண்ட சுற்றறிக்கையிலை இப்பிடியொரு பேர் இல்லை. இல்லாததைக் காட்டி நான் எப்பிடி மறிக்கிறது? அடுத்த தவணைக்கு வரட்டும். ஒரு மாதம் பாப்பம்.”

அதே பிள்ளை. அதே கை, அதே கால். துண்டு மட்டும்தானே வேறு? கோபம் வருகுது. சந்தோசமும் வருகுது. சந்தோசம்தான் கூட.

26.4.1984

டாக்குத்தரம்மாவிடமே உறுப்பைக் கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஒரு இடத்திலை இல்லை ஐயா. ஆள் முழுக்க அப்பிடித்தான்” என்றார்.

பத்தருக்கு வந்து சொன்னேன். “அப்ப முழுப் பிள்ளைதான் வார்க்கவேணும்” என்றார்.

4.5.1984, வெள்ளி

குறிகட்டுவான் துறையில் நயினாதீவுக்கு லோஞ்சுப் படகு ஏறினோம். மீனாம்பிகை கடலைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டே வந்தாள்.

தட்டில் வெள்ளிப் பிள்ளையை வைத்ததும் ஐயர் முகம் மலர்ந்தது. “பிள்ளை வரம் கேட்டு, கிடைச்சவையெல்லோ முழுப் பிள்ளை வைக்கிறவை. உங்களுக்கும் நேர்த்தி நிறைவேறிட்டுதே?”

கதை முழுவதையும் சொல்ல நான் வாயைத் திறந்தேன். சறோ மகளின் கையைப் பிடித்துக்கொண்டு முந்திவிட்டாள்.

“ஓம் ஐயா. கிடைச்சிட்டாள்.”

7.5.1984

காலையில் மீனாம்பிகை பள்ளிக்கூடம் போய்விட்டாள். நான் தனியே எழுதுகிறேன். ‘ழ’ கோணல்தான். அப்படியே விட்டு வைத்திருக்கிறேன். மத்தியானம் வந்து அழிப்பாள்.