பம்பரத்தின் பசை

உன் அம்மாவின் மகளுக்கு,

ஜப்பானிலிருந்து நீ அனுப்பிய மரப் பம்பரம் வந்தது. நீயாகக் கல்யாணம் செய்துகொண்டு போன பிறகு எனக்கென்று அனுப்பியது இதுதான். அதன் மரத் துண்டுகளை ஒட்டிய பசை எதிலிருந்து எடுத்தது என்று விசாரித்து உடனே எழுது. மாட்டுத் தோலைக் காய்ச்சி எடுத்ததென்றால் இங்கே வைக்க முடியாது. இது ஜைனர் வீடு என்பது உனக்கு மறந்திருக்காது.

சாயமே இல்லை, எல்லாம் மரங்களின் சொந்த நிறம். இத்தனை துண்டுகளைக் கட்டம் கட்டமாகப் பதித்தும் நகத்துக்கு ஓர் ஒட்டுக்கூடத் தட்டுப்படவில்லை. சுற்றிவிட்டால் கட்டங்களெல்லாம் கரைந்து வளையமாகின்றன. நின்றதும் திரும்பக் கட்டங்கள். உடனே மறுபடி சுற்றத் தோன்றுகிறது. தொட்ட பாவத்துக்கு ஒவ்வொரு முறையும் கை கழுவுகிறேன்.

“எத்தினி வாட்டி கழுவுவீங்க? அவளுக்கு ஒரு போன் பண்ணிட்டு சும்மா இருங்களேன்” என்கிறாள் உன் அம்மா.

இன்று நம் செங்கம் ரோட்டுக் கடையில் மேசைமேல் சுற்றிக்கொண்டிருந்தேன். ஆசிரமத்துக்கு வந்த சென்னைக்காரர் ஒருவர் விலை கேட்டார்.

“இது விக்கிறதுக்கு இல்லீங்க, எம் பொண்ணு அனுப்பினது” என்று சொல்லிவிட்டேன்.

பசையைப் பற்றி யாரிடமும் விசாரிக்க வேண்டாம்.

அப்பா