சொன்ன வாயும் கேட்ட காதும்

என் உயிரான அக்காவுக்கு,

நலமா என்று எழுதிப் பழகிய கை, அதை எழுத முடியாமல் நிற்கிறது. நேரே செய்திக்கு வருகிறேன். உன் மகள் ராசாத்தி நேற்று பூச்சி மருந்து குடித்துவிட்டாள். கொடுக்கச் சொன்னவர் மச்சான்தான். நம்புகிறாயா?

நான் மருந்துக்காரன் வேலை படித்து லிந்துலைத் தோட்டத்துக்கே திரும்பிய வருஷம் நினைவிருக்கிறதா? தேயிலை விலை விழுந்து, ஆட்களைக் கடல் தாண்டி இந்தியாவுக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்தார்கள். வெறுங்கால் வழியாக ஏறி வயிற்றில் ரத்தம் குடிக்கும் புழுவை மைக்ராஸ்கோப்பில் காட்டினேன். பெருமாள் மாமா பார்த்துவிட்டு, "பூச்சி ஒங்க கண்ணாடிக்குள்ளதான் இருக்கு தம்பி. மருந்த அதுக்கு ஊத்துங்க" என்றார். வரிசை வீட்டு லயமே சிரித்தது. மருந்து குடித்தவர்களை நோயாளி என்று பெயரெழுதி இந்தியாவுக்கு அனுப்பிவிடுவார்கள் என்றும் கிளப்பிவிட்டார். நான் கத்தினேன். கத்தக் கத்த, குடிக்க வந்தவர்களும் திரும்பிப் போனார்கள்.

நீதான் விளையாட்டாகச் சொன்னாய்: "மாசிக் காமன் கூத்துல கோமாளி டாக்டர் வேஷத்த அவருக்கே குடுத்துரு தம்பி. ஒன் பேச்செல்லாம் அவரு வாயால கேப்போம்."

மாமா ஒத்திகை தவறாமல் "குடிங்க, ரத்தம் ஊறும்" என்று கூவினார். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். கூத்து முடிந்ததும் மருந்துச்சாலைக்கு முதலில் வந்தவர் அவர்தான். "ஊருக்கெல்லாம் சொல்லிட்டு நான் குடிக்கலேன்னா வெக்கமில்லையா?" என்றார். வெட்கம் மட்டும்தானா? இப்போது கேட்டால், ஆரம்பத்திலிருந்தே அந்த மருந்து நல்லது என்றுதான் சொன்னாராம்!

உனக்குக் கொடுக்க நினைத்தபோது நீ பிள்ளைத்தாய்ச்சி. பிறந்த பிறகுதான் தரலாம் என்றார் டாக்டர். பிரசவத்தில் போன ரத்தத்துக்கு ஈடுகொடுக்க உன் உடம்பில் ரத்தம் இல்லை, அக்கா. பிள்ளையும் உன்னோடு போனது.

ராசாத்தியும் உன்னைப் போலவே வெளுத்துக்கொண்டு வந்தாள். கண்ணிமைக்குள் சிவப்பே இல்லை. மருந்தென்று வாயெடுத்தால், "ஒன் மருந்து என் பொஞ்சாதிய காப்பாத்துச்சா மாப்ளே?" என்பார் மச்சான். நான் கத்திவிட்டு வருவேன்.

உன் வருஷத் திதி முடிந்து வந்த மாசியில், பெருமாள் மாமாவிடம் போய்க் கெஞ்சினேன். அவர் கோமாளித் தொப்பியை மச்சான் தலையில் வைத்தார். "அவ ரசிச்சுச் சிரிச்ச வேஷம்ப்பா. நீ கட்டு." மச்சானால் மறுக்க முடியவில்லை.

ஒத்திகையில் நோயாளியாக உட்கார்ந்தவள் ராசாத்தி. மச்சான் வெறும் குவளையை நீட்டி, "குடி கண்ணு, ரத்தம்..." என்றவர் அப்படியே நின்றுவிட்டார். தப்பு மேளம் அடித்தவர்களும் நிறுத்தினார்கள். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஊறும்" என்று முடித்தார்.

மறுநாள், அதாவது நேற்றுக் காலை, பெரட்டில் வேலைக்கு ஆள் கூடுவதற்கு முன்பே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மருந்துச்சாலைக்கு வந்தார். "ஒன்னய நம்பி வரல மாப்ளே. பிள்ளகிட்ட வாய்விட்டுச் சொல்லிட்டேன், அதான்."

வாய் சொன்னதை மனசு நம்பிவிடும் என்றால், நானும் சொல்லிப் பார்க்கிறேன். மருந்துச்சாலைக் கதவைச் சாத்திக்கொண்டு, சத்தமாக: "அக்கா செத்துப்போச்சு." காது கேட்கிறது. ஆனாலும் கூடையோடு பெண்கள் மலையேறும்போது, வரிசையில் உன்னைத்தான் தேடுகிறேன். எனக்கு மட்டும் ஏன் வேலை செய்யவில்லை?

ராசாத்தியின் கண்ணிமை சிவக்கும்வரை விடமாட்டேன். மச்சானிடம் கத்தவும் மாட்டேன். இது சத்தியம். கதவைச் சாத்திக்கொண்டு சொன்ன அந்த ஒரு வார்த்தையை மட்டும் என்னை நம்பச் சொல்லாதே.

என்றும் சொல்பேச்சு கேட்காத
உன் தம்பி