கருமாதிக்கு அவர் நிற்க வேண்டும்

ஜூன் 3, செவ்வாய்
எங்கள் மகன் சுபாஸ் செத்துப் போய் இன்று ஒன்பதாம் நாள். அவன் போனுக்கு பதுளை ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு. நான்தான் எடுத்தேன். உடம்பை இறுக்கிப் போடும் அப்பாவின் பாக்கின்சன் வருத்தத்துக்கு, மருந்து ஏற்றும் மெசின் கேட்டுப் பேர் கொடுத்திருந்தானாம். எங்களிடம் சொல்லவே இல்லை. நாளைக்கே அவரைக் கூட்டிக்கொண்டு வரட்டாம்.

இவருக்குக் குளிசை விழுங்கினால் இரண்டு மணி நேரம்தான் கேட்கும். அப்புறம் மரக்கட்டை. மகனை அடக்கம் பண்ணின அன்றும் குழி ஓரத்தில் விறைத்துப் போனார். இரண்டு பேர் கையைப் பிடித்து மண் போட வைத்தார்கள்.

"கருமாதிய நானே செய்வேன். எவனும் என் கையப் புடிக்கக்கூடாது" என்கிறார். ஒரே பிள்ளை. கருமாதி பத்தாம் தேதி.

ஜூன் 5
சின்ன மெசின்தான். இடுப்பில் கட்டி, மெல்லிய ஊசியை வயிற்றுத் தோலில் குத்தினால் பகல் பூரா மருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது. வாந்தி எடுத்தார். ஆனால் நாலு மணி நேரம் நடந்தார்!

நேர்ஸ் தயானி என்னைக் குத்தச் சொன்னா. கை நடுங்கியது. "ஆருக்கம்மா வருத்தம், அவருக்கோ உங்களுக்கோ?" என்று சிரித்தா. குளிக்கக் கழட்டலாம், உடனே மாட்டிவிட வேண்டுமாம்.

ஜூன் 8
தோட்டத்து லய வீட்டுக்கு வந்தாச்சு. தண்ணீர்க் குழாய் வரைக்கும் தனியாகப் போய் வந்தார்.

ஜூன் 9
மடுல்சீமையிலிருந்து அவர் அக்கா, இராக்கம்மா மதினி வந்தார்.

"என்னடி இது, தம்பி வயித்துல வயரு? ஈரத்துணியோடதான் பிண்டம் வைக்கணும். அதக் கழட்டிப்புடு. மெசினோட வச்சா புள்ளைக்குப் போய்ச் சேராது."

சேராமல் போய்விட்டால்? கழட்டினால் இவர் நிற்பாரா? யாரைக் கேட்பேன்?

ஜூன் 10
கழட்டிவிட்டேன். என் புத்தி!

குளிப்பாட்டி, ஈர வேட்டியோடு ஆற்றோரம் உட்கார வைத்தோம். சடங்கு செய்யும் பண்டாரம் வந்த பஸ் பிந்திவிட்டது. அரை மணியில் கால் இறுகியது, பிறகு கை.

"ரெண்டு பேரு தூக்கிப் புடிங்கப்பா" என்றார் மதினி. இவர் என்னையே பார்த்தார். வாய் வரவில்லை, கண்ணில் தண்ணீர்.

எனக்கு எங்கிருந்து வந்ததோ— "யாரும் தொடாதீங்க!"

துவட்டி, காய்ந்த வேட்டி கட்டி, பையில் கொண்டுவந்த மெசினை மாட்டி ஊசியைக் குத்தினேன்.

"இதென்னடி அநியாயம்!"

"இருங்க மதினி. எம்புள்ள காத்திருப்பான்."

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. சிலர் எழுந்து போனார்கள். அப்புறம் விரல் அசைந்தது. தானே எழுந்தார். தானே பிண்டம் உருட்டினார். தானே ஆற்றில் விட்டார்.

மதினி சாப்பிடாமலே பஸ் ஏறினார்.

ஜூன் 12
காலையில் அவரே சட்டையைத் தூக்கிப் பிடித்தார். குத்தினேன்.

"ஸ்... சுபாஸா இருந்தா மெதுவாக் குத்தியிருப்பான், புள்ள."

அவன் போன பிறகு அந்தப் பேரை இவர் சொன்னது இன்றைக்குத்தான். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் இரண்டு பேரும் அழுதோம், வெகு நேரம். நான் தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகவில்லை.