கயிறு இல்லாத கிணற்றடியில்

என் தம்பி குகனுக்கு,

உன்னிடம் போய்விட்டு வந்துவிட்டேன். வந்து மூன்று கிழமையாகிறது, பையில் ஒட்டிய மணலை இன்னும் உதறவில்லை. இங்கே நோர்வேயில் இருட்டுக் காலம் தொடங்கிவிட்டது. பின்னேரம் வேலை முடிந்து ஹொல்ம்லியா ஸ்டேசனில் இறங்கும்போதே விளக்குகள் எரிகின்றன. அம்மா ஜன்னலோரக் கதிரையில் இருக்கிறா. கண் மங்கிவிட்டதால் அவவால் எதையும் வாசிக்க முடியாது. அந்தத் துணிச்சலில்தான் இதை எல்லோரும் பார்க்கும்படி எழுதுகிறேன். உன்னைப் போல வெளிக்கிட்டு வந்து சேராத பிள்ளைகள் எங்கள் சனத்தில் நீ ஒருவன் மட்டுமில்லையே.

நீ யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டபோது உனக்கு இருபத்தாறு வயது. நேரே ஐரோப்பாவுக்கு என்று சொன்ன ஏஜென்சிக்காரன் உன்னை மேற்கு ஆபிரிக்காவில் கொண்டுபோய் விட்டான். அங்கிருந்து கடைசியாக ஒருமுறை போன் எடுத்தாய். "அக்கா, நாளைக்கு லொறியிலை ஏத்துவினமாம். பாலைவனத்தைத் தாண்டினா ஸ்பெயின் கிட்டத்தானாம். அம்மாவுக்கு ஒண்டும் சொல்லாதை" என்றாய். உன் குரலில் பயம் இருந்ததா என்று இத்தனை வருசமாக யோசித்துப் பார்க்கிறேன். நினைவில் வருவது அந்த லைனின் இரைச்சல்தான்.

அங்கே உன்னோடு ஒரே அறையில் இருந்த ரமணன் வந்து சேர்ந்துவிட்டான். இப்போது இங்கே வடக்கில், ஹம்மர்பெஸ்டில் மீன் ஆலையில் வேலை செய்கிறான். அவனை அடுத்த லொறியில் ஏற்றினார்களாம். முன்னால் போன உங்கள் லொறி பழுதாகி நின்றுவிட்டது, இரண்டு கறுத்த மலைகளுக்கு நடுவே ஒரு கிணற்றடியில் ஆட்கள் செத்துப்போனார்கள் என்று சாரதிகள் கதைத்ததை அவன் கேட்டிருக்கிறான். அதற்கு மேல் அவனுக்கும் தெரியாது.

அம்மா நம்பவில்லை. "கண்டவன் ஆர்?" என்று கேட்டா. அந்த ஒரு கேள்வியோடு எல்லாம் நின்றுபோனது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி இல்லை, திவசம் இல்லை. ஊரில் தனித்துப்போன அவவை இங்கே கூப்பிட்ட பிறகும் அப்படித்தான். உன் படத்துக்குப் பொட்டு வைக்க விடமாட்டா. தெரியாத நம்பரில் போன் வந்தால் முதலில் நிமிர்ந்து பார்ப்பது அவதான்.

என் மகள் அபிரா, உன் மருமகள், இங்கே பிறந்தவள். உன்னைப் படத்தில்தான் தெரியும். அவள்தான் ரமணனோடு கதைத்து, லொறி புறப்பட்ட பட்டினத்தின் பெயரைக் கேட்டு எடுத்தாள். பிறகு ஒருநாள் கணினியைத் திருப்பிக் காட்டினாள். மொரித்தானியாவில் அதே பட்டினத்திலிருந்து புறப்பட்டு, கூடாரம் அடித்துத் தங்கித் தங்கிப் பாலைவனத்துக்குள் போகும் ஒரு குழுச் சுற்றுலா. நோர்வேக்காரர்கள் விடுமுறைக்குப் போகிறார்கள்! எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பெயரைப் பதியச் சொன்னேன்.

குழுவில் பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்கள். என்னோடு ஒரே கூடாரத்தில் இங்கிரிட் என்று ஒரு பழைய ஆசிரியை. நல்ல மனுசி. காலையில் எழுந்து சப்பாத்துக்குள் தேள் கிடக்கிறதா என்று தட்டிப் பார்க்கவும், முகத்தைத் துணியால் சுற்றவும் பழக்கினா. எல்லோரும் அந்த அமைதியைப் புகழ்ந்தார்கள். இப்படி ஒரு அமைதியை வாழ்க்கையில் கேட்டதே இல்லை என்றார்கள். நான் தலையாட்டிக்கொண்டு, ஒவ்வொரு மேட்டையும் கறுப்பாகத் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் எதற்காக வந்தேன் என்று யாருக்கும் சொல்லவில்லை. ஒரு மத்தியானம், முள்மர நிழலில் சாப்பிட இருந்தபோது, எங்கள் வழிகாட்டி மொக்தாரிடம் இரண்டு கறுத்த மலைகளும் நடுவில் ஒரு கிணறும் இருக்கிற இடம் தெரியுமா என்று கேட்டேன். அவர் தேநீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டு, அது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். அப்போதுதான் சொன்னேன். எல்லோருக்கும் கேட்கும்படியாகத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

அந்த வழி எங்கள் பயணத்தில் இல்லை. போனால் எல்லோரும் பார்க்க ஆசைப்பட்டு வந்த பெரிய மணல்மேடுகளைத் தவறவிட வேண்டும் என்று குழுத் தலைவர் தயங்கினார். அந்த மேடுகளுக்காகவே வந்தேன் என்று சொல்லிக்கொண்டிருந்த ஒருவர் சாப்பாட்டுத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். இங்கிரிட் எழும்பி, தன் பையை எடுத்து வாகனத்தில் போட்டுவிட்டு ஏறி இருந்தா. கொஞ்ச நேரத்தில் அந்த மனிதரும் எழும்பினார்.

அடுத்த நாள் போய்ச் சேர்ந்தோம். மலை என்று சொல்ல முடியாது, கரிக்கட்டி போல இரண்டு பாறைக் குன்றுகள். கிணற்றடியில் ஒரு கிழவர் ஒட்டகங்களுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். மொக்தார் அவரோடு நெடுநேரம் கதைத்தார். நான் வாகனத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவர்தான் உன்னைக் கண்டவர், குகன். அவரும் அவருடைய தமையனும். மணலில் கிடந்த தடங்களை வைத்துத்தான் நடந்ததை அறிந்தார்களாம். சாரதி உதவி தேடி நடந்து போனவன் திரும்பவே இல்லையாம். நீங்கள் ஐந்து பேர், லொறியை விட்டுக் கிணற்றைத் தேடி வந்து சேர்ந்திருக்கிறீர்கள். கிணற்றில் தண்ணீர் இருந்தது. கயிறு இல்லை. அங்கே மேய்ப்பர்கள் கயிற்றையும் வாளியையும் தங்களோடுதான் கொண்டு போவார்களாம். நீங்கள் சேட்டுகளையும் காற்சட்டைகளையும் முடிந்து, ஒரு தகர டின்னைக் கட்டி இறக்கியிருக்கிறீர்கள். அது எட்டவில்லை.

நான் எட்டிப் பார்த்தேன். ஒரு சின்னக் கல்லைப் போட்டேன். போட்டதை மறந்துபோகிற அளவு நேரம் கழித்துத்தான் சத்தம் வந்தது.

கிழவரும் தமையனும் வந்தபோது நாலு பேர் முடிந்துவிட்டார்கள். ஒருவனுக்கு மட்டும் மூச்சு இருந்ததாம். நேரான தலைமயிர், இந்தப் பக்கத்து ஆள் இல்லை, இந்தப் பெண்ணின் நிறம் என்று கிழவர் என்னைக் காட்டினார். தலையை மடியில் வைத்து, துணியை நனைத்து நனைத்துத் தண்ணீர் பருக்கியிருக்கிறார். பிறகு ஒட்டகப் பாலும் கொடுத்திருக்கிறார். பொழுதுபடும் வரை உயிரோடு இருந்தாயாம். ஏதோ சொன்னாயாம். திரும்பத் திரும்பச் சொன்னாயாம். உன் பாசை அவர்கள் இருவருக்கும் விளங்கவில்லை.

என்னடா சொன்னாய்?

குன்றின் ஓரமாக ஐந்து குவியல் கற்கள். எங்கள் முறைப்படி தொழுது அடக்கினோம், தப்பென்றால் மன்னிக்க வேண்டும் என்று கிழவர் சொன்னதாக மொக்தார் சொன்னார். நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். வேறு என்ன செய்ய? கடைசிக் குவியலைக் காட்டினார். வாளியில் தண்ணீர் கேட்டேன். அவர் இறைத்துத் தந்தார். கல்லின் மேல் ஊற்றினேன், ஊற்ற ஊற்ற மணல் குடித்துக்கொண்டே இருந்தது. குழுவில் ஒருவரும் படம் எடுக்கவில்லை. தூரத்தில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்கள். இரண்டு நாள் கழித்து அவர்கள் மறுபடி சிரித்துக் கதைத்தார்கள். அதில் பிழை சொல்ல முடியாது. நான்தான் அவர்களோடு திரும்பி வரவில்லை.

வீட்டுக்கு வந்து, அம்மா காலைத் தேநீர் குடித்து முடிக்கும் மட்டும் காத்திருந்துவிட்டுச் சொன்னேன். கண்டவர் இருக்கிறார், அவர்தான் அடக்கினவர் என்று. அவ அழவில்லை. சீலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தா. பிறகு கேட்டா.

"தண்ணி குடிச்சவனோ?"

"ஓம் அம்மா. குடிச்சவன்."

"ஆர் குடுத்தது?"

"ஒட்டகம் மேய்க்கிற ஒரு மனுசன். மடியிலை வைச்சுப் பருக்கினவராம்."

"அந்த மனுசன் நல்லா இருக்கட்டும்" என்றா.

கிணற்றைப் பற்றி நான் சொல்லவில்லை. கயிற்றைப் பற்றியும் சொல்லவில்லை. இனியும் சொல்லமாட்டேன். அது அம்மாவின் காதுக்குப் போகாமல் நீயும் நானும் பார்த்துக்கொள்வோம்.

கொஞ்சம் பொறுத்து, அபிராவிடம் உன் படத்தை எடுத்து வரச் சொன்னா. குங்குமத்தைத் தொட்டுத் தானே பொட்டு வைத்தா. கண் தெரியாததால் அது நெற்றியில் விழவில்லை, இடது புருவத்தின் மேல் விழுந்துவிட்டது. நாங்கள் திருத்தவில்லை. அப்படியே சுவரில் மாட்டியிருக்கிறோம்.

நீ போன நாள் எதுவென்று அந்தக் கிழவருக்கும் தெரியாது. குளிர் முடிகிற காலம் என்று மட்டும் சொன்னார். திவசத்துக்கு அந்த மாதத்து அமாவாசையை எடுக்கலாம் என்று கோயில் ஐயர் சொல்லிவிட்டார். உனக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் பால்கறியோடு படைப்பேன். ஆனால் ஒரு இலையோடு நிறுத்தமாட்டேன், தம்பி. உன் பக்கத்தில் கிடக்கிற நாலு பேருக்கும் பெயர் தெரியாது, ஊர் தெரியாது. அவர்களுடைய வீடுகளிலும் போன் அடித்தால் யாரோ நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். என் கை நடக்கும் மட்டும், எங்கள் வீட்டில் ஐந்து இலை விழும். ஐந்து இலைக்கும் பக்கத்தில் தண்ணீர் வைப்பேன்.

உன்னைத் தூக்கி வளர்த்த அக்கா,
வசந்தி